பாத்திரத்தில் பேர் வெட்டும் பாயிடம் வாங்கிய கைத் தகடு: நாலு வருஷ அனுபவம்

ஊட்டி மெயின் பஜாரில் பாத்திரக் கடைகள் முடிகிற இடத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடை இருக்கிறது. போர்டில் கடைப் பெயர் கிடையாது. ‘பேர் வெட்டித் தரப்படும்’ என்று மட்டும் எழுதியிருக்கும். கல்யாணச் சீர் குடம், கோயில் குத்துவிளக்கு, ஸ்கூல் கோப்பை என்று எது கொடுத்தாலும் பாய் பேர் வெட்டித் தருவார். எங்கள் வீட்டுச் சம்படத்தில் என் அம்மா பேரை வெட்டியது அவருடைய அத்தா.

2021 ஆகஸ்டில் இந்தக் கடையில் ஒரு எவர்சில்வர் தகடு செய்து வாங்கினேன். நாலரை சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம். சங்கிலியோடு 420 ரூபாய். நாலு வருஷமாக அது என் வீட்டுக்காரரின் இடது மணிக்கட்டில் இருக்கிறது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. முன்பக்கம் மூன்று வரி:

மண்ணீரல் இல்லை
காய்ச்சல் வந்தால் அவசரம்
உடனே ஆன்டிபயாடிக் ஊசி

பின்பக்கம் இதே விஷயம் இங்கிலீஷில். அதற்குக் கீழே என் போன் நம்பர், போட்ட தடுப்பூசிகளின் வருஷம்.

கடையைப் பற்றியும் தகட்டைப் பற்றியும் சொல்வதற்கு முன்னால் இது எதற்கு வேண்டியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் 420 ரூபாய் அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

நாங்கள் இருப்பது முத்தொரை பாலாடா. நான் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். அவர் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தார். பாலாடாவில் கழுவி மூட்டை கட்டின கேரட்டை ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிற வேலை. 2012 ஜூலை மழையில் பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் வண்டி மண்திட்டில் மோதியது. ஸ்டியரிங் இடது விலாவில் இடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. கீழே ஒரு ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

என் குறை அதற்குப் பிறகு நடந்ததில்தான். வீட்டுக்கு அனுப்பும்போது மூட்டை தூக்காதே என்றார்கள், தையல் நனையாமல் பார்த்துக்கொள் என்றார்கள். மண்ணீரலை எடுத்துவிட்டோம் என்பது டிஸ்சார்ஜ் பேப்பரில் ஒரே ஒரு இங்கிலீஷ் வரியாக இருந்தது. இனிமேல் இவருக்குச் சில தடுப்பூசிகள் போட வேண்டும், காய்ச்சல் வந்தால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பேப்பர் எட்டரை வருஷம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. எங்களைப் பொறுத்தவரை அது ‘வயித்து ஆபரேஷன்’. அவ்வளவுதான்.

2021 ஜனவரி, இரண்டாவது வெள்ளிக்கிழமை. அந்த வாரம் உறைபனி கடுமை. காலையில் கேரட் தோட்டமே உப்புத் தூவினது மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் நடுங்கிக்கொண்டே வந்தார். பனி என்று நினைத்தேன். ராகிக் கஞ்சியும் ஒரு காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து இரண்டு கம்பளி போர்த்தினேன். கொரோனா காலம் வேறு. காய்ச்சல் என்று வெளியே சொன்னால் தெருவையே அடைத்துவிடுவார்களோ என்று பயந்தோம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான்.

பத்து மணிக்கு வாந்தி. பன்னிரண்டு மணிக்குக் கால் வலிக்கிறது, யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். மூன்று மணிக்கு என்னைப் பார்த்து என் மாமியார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாலு மணிக்கு லைட்டைப் போட்டுப் பார்த்தேன். மூக்கு நுனி, காது, இரண்டு கால் விரல்கள் எல்லாம் நாவல்பழக் கறை மாதிரி நீலம் பாரித்திருந்தது. விரலால் அழுத்தினேன், நிறம் மாறவில்லை. 108-க்குப் போன் செய்தேன்.

முதல் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்வி: “முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா?”

“வயித்து ஆபரேஷன் சார்.”

“என்ன ஆபரேஷன்?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆக்சிடென்ட் என்றேன், குடல் என்றேன். பேப்பர் எங்கே என்றார்கள், வீட்டில் என்றேன். மண்ணீரல் என்ற சொல்லை என் வாழ்க்கையில் அதுவரை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கோயம்புத்தூருக்கு இறக்கி, அங்கே வயிற்றில் ஸ்கேன் பார்த்த பிறகுதான் இடது பக்கம் இருக்க வேண்டியது இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் காலை பத்தரை மணி. நடுக்கம் தொடங்கிப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. பிரஷர் எழுபதுக்குக் கீழே. ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு வெறும் பதினெட்டாயிரம். ரத்தத்தை ஒரு துளி கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தபோதே இரண்டிரண்டாக ஒட்டின கிருமி தெரிந்தது என்றார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தாலும் வழக்கமாக அதை வளர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். நேராகக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அவருக்குள் பெருகிவிட்டிருந்தது. மறுநாள் கல்ச்சரில் பேரும் வந்தது, நியுமோகாக்கஸ்.

ஐசியு வாசலில் ஒரு இளவயது டாக்டரம்மா தினமும் பத்து நிமிஷம் எனக்காக நின்று பேசினார். அவர் சொன்னதையெல்லாம் அளவு எழுதுகிற நோட்டில் குறித்துக்கொண்டேன். இப்போது அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நியுமோகாக்கஸ் எங்கேயோ இருந்து வருகிற அபூர்வக் கிருமி இல்லை. நல்லா ஓடி விளையாடுகிற குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும். காதுவலி, நிமோனியா என்று நாம் பார்க்கிறதில் பலதுக்கு இதுதான் காரணம். இதன்மேல் வழவழவென்று ஒரு சர்க்கரை உறை இருக்கிறது. வெள்ளை அணுக்கள் பிடிக்க வந்தால் வழுக்கிவிடும். சாட்டின் துணியைத் தைத்திருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். இந்த உறை ஒரே மாதிரி இருப்பதில்லை, நூற்றுக்கு மேல் வகை இருக்கிறது. உறை போட்ட இந்த மாதிரிக் கிருமிகளை ரத்தத்திலிருந்து சலித்து எடுப்பதில் பெரிய பங்கு மண்ணீரலுக்குத்தான். டீ பாக்டரியில் தூளைச் சலிக்கிற மாதிரி அங்கே ரத்தம் மெதுவாக நுழைந்து வெளியே வரும். சல்லடை இல்லாதவர் உடம்பில் ஒரு ராத்திரிக்குள் கிருமி தடையில்லாமல் பெருகிவிடும்.

மண்ணீரல் எடுத்த எல்லோருக்கும் இப்படி ஆகாது. இது அரிதாக வருவதுதான். ஆனால் வந்தால் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. எடுத்த முதல் இரண்டு மூன்று வருஷத்தில் ஆபத்து அதிகம், ஆனால் அதற்கப்புறம் தீர்ந்தது என்று கணக்கு கிடையாது. ஆயுசு முழுக்க உண்டு. அவருக்கு வந்தது எட்டரை வருஷம் கழித்து.

நீலம் பாரித்ததற்குப் பெயர் பர்ப்யூரா ஃபல்மினன்ஸ். உடம்பு முழுக்க நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைய ஆரம்பிக்கிறது. உறையச் செய்கிற சரக்கெல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதால், ஊசி குத்தின இடத்திலோ ரத்தம் நிற்காமல் வடிகிறது. ஒரே உடம்பில் ஒரு பக்கம் உறைகிறது, இன்னொரு பக்கம் ஒழுகுகிறது. ரத்தம் போகாத விரல்கள் கறுத்துவிடுகின்றன. சிறுநீரகமும் நின்றுபோய் ஆறு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். வென்டிலேட்டரில் பதினோரு நாள்.

இதயத்துக்கு இரண்டு தடவை எக்கோ எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். இந்தக் கிருமி நுரையீரல், மூளையைச் சுற்றின ஜவ்வு, இதய வால்வு மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு நிலை இருக்கிறதாம். அது அபூர்வம், ஆனால் வால்வைக் கிழித்துவிடும் என்பதால் தேடிப் பார்க்கிறோம் என்றார். ஆஸ்ட்ரியன் சிண்ட்ரோம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆஸ்ட்ரியா நாட்டு வியாதி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1957-ல் அதைப் பற்றி எழுதிய ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற அமெரிக்க டாக்டரின் பேர் அது. பென்சிலின் வந்துவிட்டது, இனி இந்தக் கிருமியைப் பற்றிக் கவலை இல்லை என்று எல்லோரும் நினைத்த காலத்தில், மருந்து கொடுத்தும் சாகிறார்களே என்று கணக்கெடுத்து, தடுப்பூசிதான் வழி என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளிடம் சோதித்து, 1977-ல் 14 வகைக்கான ஊசி வந்தது, 1983-ல் 23 வகைக்கு. என் வீட்டுக்காரருக்கு அந்த 23 வகை ஊசியையும் போட்டிருக்கிறோம். அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நான் அதைப் பற்றிப் பேசுவது.

அவருக்கு வால்வு தப்பியது. மூளை ஜவ்வு தப்பவில்லை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், தட்டணு குறைவாக இருப்பதால் இப்போது குத்த முடியாது என்று தள்ளிப்போட்டு, மருந்தை மட்டும் அதற்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். கண் விழித்த பிறகு வலது காது கேட்கவில்லை. இந்தக் கிருமியால் மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களில் பலருக்குக் காதில் குறை நின்றுவிடுகிறது.

கறுத்த விரல்களை உடனே எடுக்கவில்லை. செத்த இடமும் பிழைத்த இடமும் பிரிகிற கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். வெட்டுவதற்கு முன்னால் கோடு போடுவது என் தொழில். அந்தக் கோடு எங்கே விழும் என்று தினமும் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களை என்னால் எழுத முடியாது. மார்ச்சில் ஏழு கால் விரல்களையும் இடது கை நாலு விரல் நுனிகளையும் எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: “அன்னைக்கு முதல் வாசல்லயே ‘மண்ணீரல் இல்லை’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஊசி எவ்வளவோ மணி நேரம் முன்னாடியே போயிருக்கும். இனி இவர் எங்க போனாலும் அந்த வார்த்தை கூடவே போகணும்.”

சரி, தகட்டுக்கு வருகிறேன்.

முதலில் ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். அவரால் இப்போது வண்டி ஓட்ட முடியாது. கேரட் கழுவுகிற மெஷின் ஷெட்டில் கணக்கு எழுதுகிறார். அங்கே எப்போதும் தண்ணீர் தெறிக்கும். இரண்டே வாரத்தில் அட்டை கூழ். அப்புறம் ஆன்லைனில் ஒரு கைவளையம் வாங்கினோம், 799 ரூபாய். பார்க்க அழகு, கறுப்புப் பூச்சில் வெள்ளை எழுத்து. இங்கிலீஷில் மட்டும்தான் போடுவார்களாம். மூன்று மாதத்தில் மணலும் சேறும் உரசிப் பூச்சு போய், எழுத்தும் போய், வெறும் அலுமினியம் மிஞ்சியது. விற்றவருக்கு மூன்று தடவை எழுதினேன். பதிலே இல்லை.

பாயிடம் போகலாம் என்று தோன்றியது சம்படத்தைக் கழுவும்போதுதான். முப்பத்தைந்து வருஷம் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தும் அம்மா பேர் அழியவில்லை.

பாய் நான் சொன்னது முழுவதையும் கேட்டார். நடுவில் வந்த இரண்டு கிராக்கியை அரைமணி கழித்து வரச் சொன்னார். “தங்கச்சி, மெஷின் பேனாவுல எழுதினா அஞ்சு நிமிஷம். ஆனா அது மேலாக்கக் கீறல்தான். இதுக்கு உளிதான் சரி” என்றார். இப்போது கடைகளில் பேர் வெட்டுவது பெரும்பாலும் அதிர்கிற மின்சாரப் பேனாவில். உளி வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டினால் பள்ளம் ஆழமாக விழும், தேய்ந்தாலும் போகாது. அத்தாவின் உளியை எடுத்தார்.

முதல் தகடு சரியாக வரவில்லை. மண்ணீரல் என்று எழுதிப் பாருங்கள், ண் ஒன்று, ணீ ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் அத்தனை சுழி. குடத்தில் எழுதினால் பிரச்சினை இல்லை. இரண்டு சென்டிமீட்டர் தகட்டில் எல்லாச் சுழியும் சேர்ந்து ஒரு கறையாகத் தெரிந்தது. பாய் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “ராத்திரி ரெண்டு மணிக்கு அவசரத்துல படிக்கிறவங்களுக்கு இது ஆகாது” என்று அவரே ஒதுக்கி வைத்தார். நான் எழுதிக்கொண்டு போனது ஆறு வரி. மூன்றாகக் குறைக்கச் சொன்னார். பேர், ஊர், ரத்தப் பிரிவு எல்லாம் வேண்டாம், அதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்குத் தெரியாததை மட்டும் வெட்டுவோம் என்றார். முதல் வரியைப் பெரிதாக்கினார். இந்த யோசனைக்கே நான் அவருக்குப் பாதி மார்க் கொடுப்பேன். பள்ளத்தில் கறுப்புப் பெயிண்ட் தேய்த்து மேலே துடைத்தார். கைநீட்டு தூரத்தில் கண்ணாடி போடாமல் என்னால் படிக்க முடிந்தது.

கெட்டுப்போன தகட்டுக்குக் காசு வாங்கவில்லை. மூன்று நாள் ஆனது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போவார், அந்த நேரம் போகாதீர்கள்.

உழைப்பைப் பற்றிச் சொன்னால், தகட்டில் ஒரு குறையும் இல்லை. துரு இல்லை, வளைவு இல்லை. மழைக்காலம் முழுக்க ஈரத்தில் இருந்தும் தோலில் அரிப்பு வரவில்லை. கறுப்புப் பெயிண்ட் ஆறு மாதத்தில் உதிர்ந்தது, ஆனால் பள்ளம் இருப்பதால் எழுத்து தெரிகிறது. ஊட்டிக்குப் போகும்போது கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் திரும்பத் தேய்த்துத் தருகிறார்.

சங்கிலி அந்தத் தரம் இல்லை. அது பாய் வெளியில் வாங்கிப் போடுவது. முதல் கொக்கி எட்டு மாதத்தில் தளர்ந்து, ஒருநாள் கேரட் மூட்டைக்குள் விழுந்து, அரைநாள் தேடினோம். இப்போது கடிகாரக் கடையில் வேறு கொக்கி மாற்றியிருக்கிறோம். செய்யச் சொல்பவர்கள் ஆரம்பத்திலேயே நல்ல சங்கிலியாக நீங்களே வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று, தகட்டின் நாலு மூலையையும் அரத்தால் இன்னும் நன்றாக உருட்டச் சொல்லுங்கள். இவருடைய ஸ்வெட்டர் கையில் நூல் இழுத்து இழுத்து நான் மூன்று தடவை முடிபோட்டுவிட்டேன். எந்தக் கையில் கட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டும். இவருக்கு இடது கையில் விரல் நுனி இல்லாததால் வலது கைக் கொக்கியைப் போட முடியாது. அதனால் இடது கையில் கட்டி வலது கையால் மாட்டிக்கொள்கிறார்.

2022-ல் குன்னூரில் ஒரு தெருநாய் இவர் காலைப் பிடித்தது. சின்னப் பல் பதிவுதான். வெறிநாய்க்கடி ஊசிக்காகப் போனோம். டாக்டர் தகட்டைப் படித்துவிட்டு, மண்ணீரல் இல்லாதவருக்கு நாய் எச்சிலில் இருக்கிற வேறு ஒரு கிருமியும் ரத்தத்தில் ஏறிவிடும், அதற்கும் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று சேர்த்து எழுதினார். தகடு இல்லாவிட்டால் அதைச் சொல்ல எனக்கும் தோன்றியிருக்காது. திரும்பும்போது சிம்ஸ் பார்க் எதிரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைத் தாண்டித்தான் பஸ் வந்தது. வெறிநாய்க்கடி மருந்துக்காக 1907-ல் ஆரம்பித்த இடம். அந்த லூயி பாஸ்டர்தான் 1881-ல், வெறிநாய் கடித்து இறந்த ஒரு குழந்தையின் எச்சிலில் வேறெதையோ தேடப்போய், நியுமோகாக்கஸைக் கண்டவர். அதே வருஷம் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க் என்ற ராணுவ டாக்டர் தன் சொந்த எச்சிலிலேயே கண்டுபிடித்தார். ஊட்டி வரும்வரை இதைத்தான் இவருடைய இடது காதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெரிய பரீட்சை 2023 நவம்பரில் வந்தது. உறவில் ஒரு விசேஷத்துக்காகக் கோத்தகிரி போயிருந்தார், நான் போகவில்லை. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நல்ல மழை. உட்கார்ந்த இடத்திலேயே நடுக்கம் எடுத்துவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரை வீட்டு டிராயரில். போனை எடுக்கக் கை ஓடவில்லை. ஒரு டீக்கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே பிரஷர் பார்க்க ஸ்வெட்டர் கையை மேலே தள்ளின சிஸ்டர் தகட்டைப் பார்த்தார்.

எனக்குப் போன் வந்தது. புது நம்பர்.

“அம்மா, இவருக்கு மண்ணீரல் எடுத்தது எந்த வருஷம்?”

“2012 சிஸ்டர். ஆக்சிடென்ட்டில். நியுமோகாக்கஸ் ஊசி இரண்டும் 2021-ல் போட்டாச்சு. பென்சிலின் ஒத்துக்கும்.” ஒரே மூச்சில் சொன்னேன்.

“சரிம்மா, ஊசி போட்டுட்டோம். நீங்க பதறாம வாங்க.”

நடுக்கம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ரத்தக் கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை. மார்புப் படத்தில் இடது பக்கம் கொஞ்சம் சளி. ஐந்தாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பஸ் ஏறினார். அடுத்த வாரம் பாய்க்கு ஒரு டப்பா வர்க்கியும் ஒரு முழுக்கை ஸ்வெட்டரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கேட்டது, “எழுத்து படிக்க முடிஞ்சுதாம்மா அவங்களுக்கு?”

தகடு இருக்கிறது, போதும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். தகடு வாய் மாதிரி, பேச மட்டும்தான் செய்யும். தடுக்கிற வேலை ஊசியுடையது. இவருக்கு முதலில் 13 வகைக்கான ஊசி, எட்டு வாரம் கழித்து 23 வகைக்கானது, ஐந்து வருஷம் கழித்து அதையே இன்னொரு தடவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். 13 வகை ஊசி நாலாயிரத்தை ஒட்டி ஆனது. அது தவிர மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்று உறை போட்ட மற்ற இரண்டு கிருமிகளுக்கும் ஊசி, வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி. முன்கூட்டியே தேதி குறித்து மண்ணீரல் எடுப்பவர்களுக்கு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுவிட வேண்டுமாம். அவசரத்தில் எடுத்தால் இரண்டு வாரம் கழித்து. எங்களுக்கும் 2012-ல் அந்த இரண்டு வாரம் இருந்தது. இந்த ஊசிகள் நூற்றுக்கு மேல் வகையில் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. அதனால்தான் ஊசி போட்ட பிறகும் காய்ச்சல் என்றால் ஓட வேண்டியிருக்கிறது. இப்போது அவசர ஆன்டிபயாடிக் ஒரு அட்டை இவர் பையிலேயே இருக்கும். நடுக்கம் வந்தால் டாக்டர் சொன்ன அளவு போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. மாத்திரை போட்டாச்சு, காலையில் பார்க்கலாம் என்பது எங்கள் வீட்டில் இனிக் கிடையாது.

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு இந்தக் கிருமிக்கான ஊசி 2021-லிருந்து அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். என் தங்கை பேத்திக்கு மூன்றையும் நானே கூடப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். தொடை வீங்கும், ஒருநாள் அழும் என்று தள்ளிப்போடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதே கிருமி சிவப்பணுவை உடைத்துச் சிறுநீரகத்தை நிறுத்துகிற இன்னொரு அபூர்வ வியாதியும் கொடுக்கும் என்று டாக்டரம்மா சொன்னது நோட்டில் இருக்கிறது.

கடைசியாகப் போனபோது பாய் மேஜையில் இதே அளவில் பன்னிரண்டு தகடு வரிசையாக இருந்தது. கூடலூர்ப் பக்கம் பழங்குடி ஊர்களுக்குப் போகிற ஒரு சுகாதாரப் பெண் பஸ்ஸில் இவர் கையைப் பார்த்து விசாரித்தாராம். சிக்கிள் செல் நோய் இருக்கிற பிள்ளைகளுக்கு ஆர்டர். அந்த நோயில் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, மண்ணீரலின் குழாய்களை அடைத்து அடைத்து, சின்ன வயதிலேயே அது சுருங்கிப் போய்விடுகிறது. யாரும் வெட்டி எடுக்காமலே சல்லடை போய்விடுகிறது. அதனால் இந்தக் கிருமி அந்தப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு வேளை பென்சிலின் கொடுத்தால் பெருமளவு தடுக்கலாம் என்று 1986-லேயே அமெரிக்காவில் நிரூபித்திருக்கிறார்கள். இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பதை முதலில் கண்டு எழுதியது 1952-ல், நம் நீலகிரி மலை ஜனங்களிடம்தான். அந்தத் தகடுகளில் பாய் ‘மண்ணீரல் வேலை செய்யாது’ என்று வெட்டிக்கொண்டிருந்தார். ‘இல்லை’யைவிட நீளம். இடம் போதாமல் மூலையை நெருக்கியிருந்தார். சிறு பிள்ளைகள் கையாச்சே என்று மூலை நாலையும் அரத்தால் நன்றாக உருட்டச் சொன்னேன். எதிரிலேயே உட்கார்ந்து பன்னிரண்டையும் உருட்டி முடித்தார்.

போகிறவர்கள் எழுத வேண்டியதைப் பேப்பரில் பெரிய எழுத்தில், டாக்டரிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக் கொண்டுபோங்கள். பாய் எழுத்துப் பிழை விடமாட்டார், ஆனால் நீங்கள் கொடுத்ததைத்தான் வெட்டுவார். அவசரப்படுத்தாதீர்கள். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அந்த அரை சங்கிலிக்காகக் குறைத்தது.

எங்கள் தகட்டின் பின்பக்கத்தில் ‘2021’ என்று இரண்டு தடவை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நாலு எழுத்துக்கு இடம் விட்டு வெட்டியிருக்கிறார். 2026 ஆகஸ்டில் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு நேராக அங்கேதான் போகப் போகிறோம்.